நாற்பத்து மூன்று இடங்களில் மரியாதை

அலுவலகத்தில் அவளுக்கு ஒரேயடி என்று பெயர். அடிதடிக்குப் போகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தெட்டு வருட வேலையில் யாரையும் ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. நாலாயிரம் பக்கத்தில் ஒரு பிழை பரவிக் கிடந்தாலும் "ஒரேயடியா மாத்திடலாம் சார்" என்பாள். கணினியில் ஒரு வரி தட்டுவாள். எதிரே இருப்பவரின் டீ ஆறுவதற்குள் மாற்றியும் காட்டிவிடுவாள். அப்படி வந்த பெயர் அது. நாற்பத்தேழு வயதுக்காரியை அவள் என்று சொல்வது மரியாதையா என்று யாராவது முகம் சுளித்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இந்தக் கதையில் மரியாதை பட்ட பாடு போதும்.

குடிநீர் வழங்கும் அலுவலகம் அது. மூன்றாம் மாடியில் பதிவுப் பிரிவு. அவளுடைய மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே பம்ப் ஹவுஸின் தகரக் கூரையும், அதற்கு வெளியே வரிசையாக இரும்பு மூடி போட்ட வால்வு குழிகளும் தெரியும். பத்தொன்பது வயதில் டைப்ரைட்டர் தட்ட வந்தவள். டைப்ரைட்டர் போய்க் கணினி வந்தபோது மற்றவர்கள் அதை டிவி ஒட்டவைத்த டைப்ரைட்டர் என்றே நினைத்தார்கள். அவள் ஒருத்திதான் யாருமே திறக்காத 'உதவி' என்ற பக்கத்தைத் திறந்து, அச்செடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள்.

அதில் அவளுக்கு ஒரு புதையல் கிடைத்தது. தேடும் கட்டத்தில் சொல்லைத்தான் போட வேண்டும் என்பதில்லை, சொல்லின் சாயலையும் போடலாம். ஒரு புள்ளி வைத்தால் அது எந்த எழுத்துக்கும் நிற்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்து வந்தாலும் பிடிக்கும். சதுர அடைப்புக்குள் பத்து எழுத்தைப் போட்டால் அதில் ஏதாவது ஒன்று வந்தால் போதும். இந்த வரிகளுக்கு அவள் வைத்த பெயர் வாய்பாடு. தமிழில் அதற்குத் தனித் தொல்லை வேறு. நம் கண்ணுக்கு 'ன்' ஒரே எழுத்து. கணினிக்கு அது ன ஒன்று, தலைக்கு மேல் புள்ளி ஒன்று, ஆக இரண்டு. சொல் எங்கே முடிகிறது என்று கேட்டால் புள்ளிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று சாதிக்கும். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டியே அவள் கெட்டிக்காரியானாள்.

அவளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர் பிரிவின் சூப்பிரண்டு. அலுவலகத் தலைவர் பேசவேண்டிய உரை ஒன்று வந்தது. தலைவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதிக் கொடுத்த புண்ணியவான் 'உழைத்தான், உயர்ந்தான்' என்று எழுதியிருந்தான். இது ஆகாது என்று சூப்பிரண்டு தானே உட்கார்ந்து, 'ான்' வரும் இடமெல்லாம் 'ார்' என்று போட்டுவிட்டார். அப்பா உழைத்தார், உயர்ந்தார். எல்லாம் சரி. தலைவர் கையில் இருப்பதை அப்படியே படிக்கிற ரகம். மேடையேறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நார் சிறுவனாக இருந்தபோது" என்று ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்கு அலுவலகத்தில் யாருமே தன்னை நான் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இந்த மாதிரி வேலையெல்லாம் அவளிடம்தான் வரும். அவள் எல்லோருக்கும் இரண்டு விஷயம் சொல்வாள். கை வைப்பதற்கு முன்னால் பழையதற்கு ஒரு நகல் எடுத்து வை என்பது ஒன்று. இரண்டை ஒன்றாக்குவது சுலபம், ஒன்றானதைத் திரும்ப இரண்டாக்க எந்த வாய்பாடும் கிடையாது என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு பெருமையும் அடித்துக்கொள்வாள்.

"படிக்கவே வேணாம் சார். படிக்காமலே திருத்திடலாம். அதுதான் இதுல அழகு."

அவளுக்கு ஒரு தம்பி. அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா போய், அம்மாவும் படுக்கையில் விழுந்தபோது அவனுக்குப் பத்து வயது. அவள்தான் குளிப்பாட்டினாள், படிக்கவைத்தாள், படிப்பு ஏறாதென்று தெரிந்ததும் பைப் வேலை கற்றுக்கொள்ள அனுப்பினாள். இடையில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் அப்படியே போயிற்று. கடைசியில் யார் யார் காலையோ பிடித்து அதே அலுவலகத்தின் பம்ப் ஹவுஸில் அவனை ஃபிட்டராகச் சேர்த்தாள். தன் ஜன்னலிலிருந்து அவன் தலை தெரிகிற இடம் அது.

தலை தெரிவதோடு நிற்கவில்லை, பேச்சும் மேலே கேட்டது. 'டேய்', 'எங்கடா அவன்', 'அவனை வரச் சொல்லு'. அவனைவிட ஆறு வயது இளைய பொறியாளர் ஒருவர் இருந்தார். படிப்பை முடித்து நேராக நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். அவர் வாயிலும் தம்பி 'அவன்' தான். அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தம்பியிடமே கேட்டுவிட்டாள்.

"முப்பத்தெட்டு வயசாச்சு. ஒருத்தனுக்காவது உன்ன அவருன்னு சொல்ல வாய் வருதா?"

அவன் சிரித்தான். "விடுக்கா. மரியாதை குடுத்துட்டா வேலை சொல்ல மாட்டாங்க, வேலை சொல்லலேன்னா நான் எதுக்கு?"

தம்பி மனைவி வீட்டுக்கு வந்த புதிதில் அவளை நீங்க வாங்க என்றுதான் பேசினாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "நீன்னே கூப்பிடு. நீங்கன்னா யாரோ எவரோ மாதிரி இருக்கு." அன்றிலிருந்து "அக்கா, நீ சாப்டியா", "நீ இப்படி உக்காருக்கா", கிளம்பும்போது "பாத்துப் போக்கா". பதினோரு வருடமாக அப்படித்தான். கூடப் பிறந்தவளிடம்கூட அவ்வளவு உரிமை இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தம்பி வால்வு குழிக்குள் இறங்கினான். குழியில் விஷக்காற்று தேங்கியிருந்தது. மேலே தூக்கும்போது உயிரில்லை. அவள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னமோ கூட்டம் என்று நினைத்தாள்.

குழியருகில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்தப் பொறியாளர். மற்றவர் பம்ப் ஆபரேட்டர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கியிருந்த மனிதர். துக்கத்துக்கு வந்த இடத்தில் பம்ப் ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அவன் சொன்னான் தங்கச்சி. காத்து சரியில்ல சார், எறங்க வேணாம்னு சொன்னான். அவருதான் கேக்கல. ஒண்ணும் ஆகாது, எறங்குன்னாரு."

தம்பி மனைவி அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ அந்த ஆபீஸ்லதான இருக்க. அந்த ஆளு சொல்லித்தான் இவரு எறங்கினாரு. இந்த ஒரு வரி தாள்ல ஏறட்டும். தப்பு இவரு மேல இல்லன்னு எழுதினா போதும். வேற எதுவும் நான் கேக்கல."

"ஏறும். நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாள்.

விசாரணை தொடங்கியது. பொறியாளர் தன் வாக்குமூலத்தில் அதிர்ச்சியில் எதுவும் நினைவில்லை என்று சொல்லிக் கழன்றுகொண்டார். பம்ப் ஆபரேட்டர் தனியறையில் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். குரல் பதிவானது. அதை வெளியே ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து எழுத்தாக்கி வாங்கினார்கள். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அந்தத் தாள்களைப் படித்து முடிவு சொல்வார். அதற்கு முன்னால் எழுத்துப் பிழை திருத்தி, ஒழுங்குபடுத்தி வைக்கவேண்டும். சூப்பிரண்டு தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, இது உன்கிட்ட வரக்கூடாதுதான். ஆனா வேற யாருக்கும் செய்யத் தெரியலையே."

"குடுங்க சார். நானே செய்யறேன்."

கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே அவன், அவனை, அவனுக்கு. பேசிய மனிதர் அப்படித்தான் பேசியிருக்கிறார், டைப்பிங் கடைக்காரனும் அப்படியே அடித்திருக்கிறான். உயிரோடு இருந்தவரை டேய். செத்த பிறகும், அரசாங்க முத்திரை விழுகிற தாளிலும் அவனா? இந்த ஒரு தாளிலாவது தம்பி அவராக இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். சூப்பிரண்டிடம் கேட்டாள். "மரியாதையா இருந்தா நல்லதுதானம்மா" என்று அவரும் சொன்னார்.

வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'அவன' என்ற மூன்றெழுத்தைப் பிடித்து 'அவர' என்று மாற்றினால் போதும். அவன் அவராகும், அவனை அவரையாகும், அவனுக்கு அவருக்காகும். அ என்ற எழுத்து சொல்லின் நடுவில் வராது என்பதால் 'கவனம்' போன்ற சொற்களுக்கு ஆபத்தில்லை. வினைச்சொற்கள்தான் சிக்கல். 'நான்' நாராகிவிடக்கூடாது. 'தான்' தாராகிவிடக்கூடாது. ஆனால் 'வந்தான்' என்பதற்குள்ளும் ஒரு தான் உட்கார்ந்திருக்கிறது, அதை விட்டுவிடவும் கூடாது. முன்னால் எந்த எழுத்து வந்தால் தொடலாம், எது வந்தால் தொடக்கூடாது என்று அடைப்புக்குறிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அரைமணி நேரம் ஆயிற்று. அவள் எழுதியதிலேயே அழகான வாய்பாடு அதுதான்.

வாக்குமூலத்தை மட்டும் அவள் படிக்கவில்லை. தம்பி எப்படிச் செத்தான் என்பதை இன்னொரு தடவை வரிவரியாகப் படிக்க அவளுக்குத் தெம்பில்லை. படிக்காமலே திருத்துகிற வித்தை கையில் இருக்கும்போது எதற்குப் படிக்கவேண்டும்?

பொத்தானை அழுத்தினாள். நாற்பத்து மூன்று இடங்களில் மாற்றப்பட்டது என்று திரை சொன்னது.

நகல் எடுத்து வைக்கவில்லை. மறந்து போய் அல்ல. தம்பி அவனாக இருக்கிற ஒரு பக்கம்கூட எந்த மூலையிலும் மிச்சமிருக்கக்கூடாது என்று நினைத்தே எடுக்கவில்லை. மாற்றியதைப் பழையதன் மேலேயே சேமித்தாள். பிறகு முதல் பக்கத்தின் நாலு வரியை மட்டும் படித்தாள். 'அவர் பதினோரு ஆண்டுகளாக இங்கே ஃபிட்டர் வேலை பார்த்தார். அவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. யார் கூப்பிட்டாலும் அவர் உடனே வருவார்.' கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பம்ப் ஆபரேட்டர் வந்தார். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்தான பின் குரல் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. அழித்தவளும் அவள்தான்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அதை அவளுக்கு முதலில் சொன்னவர் பொறியாளர். அவராகவே மூன்றாம் மாடி ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கே மறந்து போச்சும்மா. அறிக்கைய படிச்சப்புறம்தான் ஞாபகம் வருது. வேணாம் வேணாம்னு நான் அப்பவே சொல்லியிருக்கேன். பாவம், கேக்கல."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்ததை நம்பினார், அவ்வளவுதான். தனக்குச் சாதகமாக இருக்கிற தாளை யார்தான் நம்பமாட்டார்கள்!

அவர் போனதும் அவள் வாக்குமூலத்தை எடுத்து முதல்முறையாக முழுதாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது.

'பொறியாளர் வந்தார். குழியில் தண்ணீர் ஏறுகிறது என்று அவர் சொன்னார். அவர் மூடியைத் திறந்தார். உள்ளே காற்று சரியில்லை, இறங்க வேண்டாம் என்று அவர் சொன்னார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னார். அவர் இறங்கினார்.'

இதைப் படிக்கிற யாரும் என்ன நினைப்பார்கள்? இறங்க வேண்டாம் என்று பொறியாளர் எச்சரித்தார், ஒன்றும் ஆகாது என்று ஃபிட்டர் அசட்டுத் தைரியத்தில் இறங்கினார் என்றுதானே? மேலதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். பம்ப் ஆபரேட்டர் பயந்த மனிதர். முதலில் ஒருதடவை பொறியாளர் என்று சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு அவர், அவர் என்றே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். தம்பியை அவன் என்றிருக்கிறார். சொன்னவர் யார், இறங்கியவன் யார் என்று காட்டிக்கொண்டிருந்தது அந்த ஒற்றை எழுத்துதான். மூடியைத் திறந்தது அவன். வேண்டாம் என்றது அவன். ஒன்றும் ஆகாது என்றவர்தான் அவர். அந்த மரியாதைக் குறைவுதான் தம்பிக்கு இருந்த ஒரே சாட்சி. அதைத்தான் அக்கா தேடிப்பிடித்து, ஓரிடம் விடாமல், நாற்பத்து மூன்று இடங்களில் துடைத்திருக்கிறாள்.

தேடும் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'அவர்' என்று போட்டால் எல்லா அவரும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றார்கள். இதில் எது தம்பி என்று எந்தப் புள்ளிக்கும் எந்த நட்சத்திரத்துக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தானே காற்றில் விட்டாளே என்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

டைப்பிங் கடைக்கு ஓடினாள், வேலை முடிந்த அன்றே அழித்துவிட்டோம் என்றார்கள். அங்கிருந்து பம்ப் ஹவுஸுக்கு ஓடினாள். பம்ப் ஆபரேட்டர் அவளைப் பார்த்ததும் எண்ணெய்க் கந்தலை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அண்ணா, அன்னிக்கு எங்க வீட்ல வந்து சொன்னீங்களே, அத மறுபடி ஒருதடவ சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"கையெழுத்துப் போட்டாச்சே தங்கச்சி."

"தப்பா இருக்குண்ணா அது. நான்தான் தப்பாக்கிட்டேன்."

"இப்ப மாத்திச் சொன்னா நான் பொய்யன்னு ஆயிடும். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு எனக்கு. என்ன விட்டுரும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்து மேலதிகாரியின் அறை. கண்ணாடி மேசை, அதன்மேல் ஒரு தூசி இல்லை. அவள் வாக்குமூலத்தை விரித்து வைத்தாள். தம்பியைக் குறிக்கிற ஒவ்வொரு 'அவர்' கீழேயும் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளைப் பயமுறுத்தியது.

"கோடு போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்."

"வாக்குமூலத்த மாத்தினது?"

"நான்தான்."

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா."

அவர் தாளை மடித்து அவள் பக்கமே தள்ளினார். "நீங்களே சொல்லுங்க, இத நான் எப்படி எடுத்துக்கறது? பழைய காகிதம் இருக்கா? குரல் இருக்கா? சாட்சி மாத்திச் சொல்றாரா? எதுவும் இல்ல. நீங்க மாத்தினது உண்மைன்னா அத எழுதிக் குடுங்க, உங்க மேல நடவடிக்கை எடுப்போம். அறிக்கை அப்படியேதான் இருக்கும்."

அவள் எழுதிக் கொடுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை, வாய்பாட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். அவர் சொன்னபடியே நடந்தது. அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனாள். அவனுடைய டூல்ஸ் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கியது. தம்பி மனைவி கையில் அலுவலகக் கடிதம். பிரித்துப் படித்து, மடித்து, திரும்பப் பிரித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"அக்கா, நீயே பாரு" என்று நீட்டினாள். "அவர் எச்சரிக்கப்பட்டும் தனது கவனக்குறைவால் உயிரிழந்தார்னு போட்டிருக்கான். ஆபரேட்டர் அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லையே. நம்ம முன்னாடிதான அழுதாரு. எவனோ காசு வாங்கிட்டு மாத்தி எழுதிட்டான்க்கா. அவன் கை வெளங்குமா?"

மாத்தி எழுதிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது இந்த வீடுவரை வரப்போவதில்லை. ஆனால் எவனோ ஒருவன் மேல் விழுந்துகொண்டிருந்த அந்தச் சாபத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. சொல்லிவிட்டாள். அவனை அவராக்கியது, நகல் எடுக்காதது, குரலை அழித்தது, படிக்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவனுக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்று முடித்தாள்.

தம்பி மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து, தலையணை உறைக்குள் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல், பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"தண்ணி குடிங்க" என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காது தவறாகக் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். தண்ணீரைக் குடித்தாள். எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தம்பி மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் நாளைக்கு வரட்டுமா?"

"வேணாங்க" என்றாள் தம்பி மனைவி. "பாத்துப் போங்க."